ஞாயிற்றுக்கிழமைக் கோழி: பயப்பட வேண்டியது ஊசிக்கா, தீவனத்துக்கா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன், காபி ஆறிவிடாது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். பின்வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கும் கோழி வண்டிக்கு அனுமதியைப் புதுப்பிக்கலாமா என்பது அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே செய்திதான் சுற்றுகிறது: “பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு 40 நாளில் பெரிதாக்குகிறார்கள். அதைச் சாப்பிடுவதால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள். வண்டியை உள்ளே விடாதீர்கள்.” இன்னொரு பக்கம், “நாங்கள் சைவம், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இரண்டு தரப்புக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் இல்லாத ஒன்றுக்குப் பயப்படுகிறீர்கள். சம்பந்தமில்லை என்பவர்களுக்குச் சம்பந்தம் இருக்கிறது. உண்மையில் கவலைப்பட வேண்டிய பொருள் தீவன மூட்டைக்குள் இருக்கிறது.

ஊசி என்ற கதை

முதலில் ஊசியை முடித்துவிடுவோம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால், நாம் சாப்பிடும் பருப்பு எப்படி வயிற்றில் செரிக்கிறதோ அப்படிக் கோழியின் வயிற்றில் செரித்துப் போய்விடும். ஆகவே ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஒரு கொட்டகையில் 5,000 கோழி. ஒவ்வொன்றையும் பிடித்துத் தினமும் ஊசி போட எத்தனை ஆள் வேண்டும், அந்தக் கூலியைக் கோழி விலையில் எடுக்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் பண்ணையில் சிலர் மருந்தும் கையுமாக நிற்பதை நாம் பார்த்தோமே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்கக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவார்கள், குடிதண்ணீரிலும் கொடுப்பார்கள். நம் குழந்தைக்குப் போலியோ சொட்டு கொடுப்பது போல.

ஹார்மோன் பேச்சு முற்றிலும் காற்றில் பிறந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஒரு காலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைச் சிறு வில்லையாகக் கோழியின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். 1959இல் அது நிறுத்தப்பட்டது. மாட்டிறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளுக்குச் சில ஹார்மோன்களை அங்கே இன்றும் அனுமதிக்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. இரண்டு பகுதிக்கும் இடையே பல ஆண்டுகளாக வர்த்தகச் சண்டையே நடந்தது. அந்தச் செய்திகள் கடல் தாண்டி வரும்போது மாடு கோழியாகிவிட்டது.

பிறகு எப்படி 40 நாளில் இரண்டு கிலோ? பெரும்பகுதி இனவிருத்தி. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். 1957இல் இருந்த கோழி இனம், 1978இன் இனம், 2005இன் இனம் மூன்றையும் ஒரே மாதிரித் தீவனம் கொடுத்து ஒரே நிலையில் வளர்த்தார்கள். 56ஆம் நாளில் எடை போட்டால் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது இனம். தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்வதையே தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததன் விளைவு அது. அந்த வேகத்தால் கோழிக்குக் கால் வலியும் இதயக் கோளாறும் வருவது வேறு கதை. அதைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான்.

பெண் குழந்தைகள் சீக்கிரம் பூப்பெய்துவது பற்றிய கவலையை நான் லேசாகச் சொல்லவில்லை. அது குழந்தை நல மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயம். போடாத ஊசியின் மீது பழியைப் போட்டுவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுவோம். அதுதான் ஆபத்து.

மூட்டைக்குள் இருப்பது

இப்போது தீவனத்துக்கு வருவோம். கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். அதோடு தாது உப்பு, வைட்டமின், மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்கள், செரிமானத்துக்கு உதவும் நொதிகள். இவையும் ‘சேர்மானம்’தான். சேர்மானம் என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். இட்லி மாவில் உப்பும் வெந்தயமும் சேர்மானம்தானே.

பிரச்சினை ஒரே ஒரு வகைச் சேர்மானத்தில் இருக்கிறது: நோயே இல்லாத கோழிக்கு, எடை கூடுவதற்காக, மிகச் சிறிய அளவில் தினமும் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக்.

இது எப்படித் தொடங்கியது? 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கோழிக்குஞ்சுக்கு மலிவான வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தயாரித்தபின் மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். வைட்டமின் கணக்குக்கு மேலேயே குஞ்சுகள் வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு புரிந்தது. 1951இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே தீவனத்தில் கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

ஏன் வளர்கிறது? குடலில் இருக்கும் பாக்டீரியாவின் கூட்டம் மாறுகிறது, குடலில் நோயில்லாத சிறு அழற்சி குறைகிறது, தின்ற தீவனம் உடம்பில் ஒட்டுகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். பண்ணைக் கணக்கில் இதன் பொருள் எளிது. ஒரு கோழி விற்பனைக்கு வருவதற்குள் மூன்றேகால் கிலோ தீவனம் தின்கிறது என்று வையுங்கள். 5,000 கோழிக்கு 16 டன்னுக்கு மேல். அதில் மூன்று சதவீதம் மிச்சமானாலும் கிட்டத்தட்ட 490 கிலோ தீவனம். லாபம் பைசாவில் நிற்கும் தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

இங்கே விவசாயியைத் திட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் நீளநீளமான கொட்டகைகள் தெரியும். பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தரும். கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு விவசாயியுடையது. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவனம் அதிகமாகச் செலவானால் கூலியில் பிடித்தம். மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. நம் வண்டிக்காரர் அந்தச் சங்கிலியில் இன்னும் கடைசியில் இருப்பவர்.

சிறு அளவில் கொடுப்பதுதான் சிக்கல்

நோய் வந்தால் சரியான அளவில், சரியான நாட்களுக்கு மருந்து கொடுத்தால் பாக்டீரியா சாகும். சிறு அளவில் வாரக்கணக்கில் கொடுத்தால் பலவீனமானவை சாகும், மருந்தைத் தாங்கத் தெரிந்தவை பிழைத்துப் பெருகும். கொசுவிரட்டியைக் குறைவாக வைத்துக் கொசுவைப் பழக்குகிற மாதிரி. இதோடு நின்றால் பரவாயில்லை. பாக்டீரியாக்கள் அந்தத் தாங்கும் திறனுக்கான மரபணுவைச் சிறு வளையமாக ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். கோழிக் குடலில் இருப்பது, மனிதனுக்கு நோய் தரும் வேறு இனத்துக்கும் அதைக் கொடுக்கலாம்.

கோலிஸ்டின் என்ற மருந்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் மனிதருக்குக் கொடுப்பதை மருத்துவர்கள் வெகுவாகக் குறைத்தார்கள். பிறகு மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு வழியில்லாத நோயாளிக்குக் கடைசி மருந்தாக அதையே திரும்ப எடுத்தார்கள். அந்த மருந்தை இன்னொரு பக்கம் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூட்டக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: கோலிஸ்டினைத் தாங்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு, பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிலும் கிடைத்தது, அது கைமாறக்கூடிய வளையத்தில் உட்கார்ந்திருந்தது. உலகமே அதிர்ந்தது. சீனா 2017இல் தீவனத்தில் அதை வளர்ச்சிக்காகக் கலப்பதை நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்மானம் ஆகியவற்றுக்குக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

நம் மூன்று பிளாக்குகளில் 70 வயது கடந்தவர்கள் எத்தனை பேர்? மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அந்தச் சிகிச்சைகள் எல்லாம் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் நடப்பவை. அந்த நம்பிக்கை போனால் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தும் தொற்றில் ஆள் போகலாம். அந்த நோயாளி வாழ்நாளில் கோழியைத் தொடாத சைவராகவும் இருக்கலாம். கோழி எரு வயலுக்குப் போகிறது, வயல் தண்ணீர் கால்வாய்க்குப் போகிறது, மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கை நம் உணவுப் பழக்கத்தைக் கேட்பதில்லை. சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

நிறுத்தினால் கோழி கிடைக்காமல் போகுமா?

போகவில்லை. பிரிட்டனில் 1969லேயே ஸ்வான் குழு எச்சரித்தது. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காகக் கலப்பதை முழுவதும் நிறுத்தியது. டென்மார்க் 1990களின் கடைசியில் படிப்படியாக நிறுத்தியது. அங்கே பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கூடி, சிகிச்சைக்கான மருந்து சில காலம் அதிகமாகத் தேவைப்பட்டது உண்மை. ஆனால் மொத்தப் பயன்பாடு பழைய அளவைவிடக் குறைந்தது, பன்றி உற்பத்தியும் வீழவில்லை. கொட்டகைச் சுத்தம், காற்றோட்டம், தடுப்பூசி ஆகியவற்றில் கவனம் வைத்தார்கள். 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டக் கொடுப்பதை அமெரிக்காவும் 2017 முதல் நிறுத்தியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது.

நம் நாட்டில்? 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் இறைச்சியில் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. மருந்து எதிர்ப்பைத் தடுக்க மருத்துவச் சங்கங்கள் கூடி 2012இல் எழுதிய ஆவணத்துக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர். சட்டமும் பிரகடனமும் இருக்கின்றன. கேட்கிற வாடிக்கையாளர்தான் குறைவு.

கேட்பது எப்படி?

வண்டியை விரட்டுவதால் என்ன நடக்கும்? நாம் தெருமுனைக் கடைக்குப் போவோம். அங்கே தொங்குவதும் அதே பண்ணைக் கோழிதான். வண்டிக்காரர் பிழைப்பு போகும், தீவனம் மாறாது. ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை: அனுமதியைப் புதுப்பியுங்கள், ஒரு நிபந்தனையோடு. அவருக்குக் கோழி தரும் நிறுவனத்திடமிருந்து மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கி வரட்டும்.

ஒன்று, நோயில்லாத கோழிக்கு வளர்ச்சிக்காகத் தீவனத்திலோ தண்ணீரிலோ ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறீர்களா?

இரண்டு, நோய்க்குக் கொடுத்தால் கால்நடை மருத்துவர் எழுதித்தான் கொடுக்கிறீர்களா? மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து விற்பனைக்கு அனுப்புகிறீர்கள்?

மூன்று, எச்சத்துக்கான ஆய்வக அறிக்கை இருந்தால் ஒரு நகல் தர முடியுமா?

ஒரு வண்டிக்காக நிறுவனம் பதில் சொல்லுமா என்று கேட்கலாம். நாம் 180 வீடு. பக்கத்துச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரு வாரத்துக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் பாருங்கள். பதில் வராவிட்டால், பதில் தருகிற வேறு விற்பனையாளரைத் தேடலாம்.

லேபிள் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘ஆன்டிபயாட்டிக் எச்சம் இல்லை’ என்பது வேறு, ‘ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்தது’ என்பது வேறு. வளர்ப்புக் காலம் முழுக்க மருந்து கொடுத்துவிட்டுக் கடைசியில் சில நாள் நிறுத்தினால் எச்சம் இருக்காது. ஆனால் மருந்தைத் தாங்கும் பாக்டீரியா அந்தக் கொட்டகையில் உருவாகியிருக்கும். எனவே எப்படி வளர்த்தது என்றே கேளுங்கள். ‘நாட்டுக்கோழி’ என்ற பெயர் மட்டும் போதாது, இப்போது அதையும் கொட்டகையில் மூட்டைத் தீவனம் போட்டு வளர்க்கிறார்கள். நோயுற்ற கோழிக்குக்கூட மருந்தே கூடாது என்று கேட்காதீர்கள். நோயில் தவிக்கும் உயிருக்கு வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும்.

நம் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

பச்சைக் கோழியைக் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் விட்டு அலசாதீர்கள். தெறிக்கும் துளியில் பாக்டீரியா சிங்க் முழுக்கப் பரவும். அலசித்தான் ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி, பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம். உள்வரை நன்றாக வேகவிடுங்கள். மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவும் வெந்தால் செத்துவிடும். ஆனால் மருந்தின் எச்சம் வேகவைப்பதால் முழுவதும் போகும் என்று நம்ப வேண்டாம். அதனால்தான் பண்ணையிலேயே தடுக்க வேண்டும் என்கிறேன்.

தோட்டக் குழுவினருக்கு: மாடித் தோட்டத்துக்கும் புல்வெளிக்கும் கோழி எரு வாங்குகிறோம். பச்சையாகப் போடாதீர்கள். குவித்து, ஈரம் காத்து, கிளறிவிட்டு, நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போடுங்கள். பல கிருமிகள் அந்தச் சூட்டில் அழியும். குழந்தைகள் விளையாடும் பக்கம் மண்புழு உரமே போதும். கீரைப் பாத்திக்குக் கையுறை இல்லாமல் எரு போட வேண்டாம்.

கடைசியாக, மருந்து அலமாரி. கோழிப் பண்ணையில் நடப்பதைக் கண்டிக்கும் நாமே, சளிக்கும் காய்ச்சலுக்கும் போன முறை மிஞ்சிய அசித்ரோமைசினை விழுங்கினால் அதே தவறுதான். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதற்கு வேலை செய்யாது. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். மருத்துவர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள்.

1945இல் நோபல் பரிசு பெற்றபோது பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதைத்தான் எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று. அவர் மனிதரை நினைத்துச் சொன்னார். ஆறே ஆண்டில் அது கோழித் தீவனத்துக்குள் போனது.

மூன்று கேள்விகள் கொண்ட கடிதத்தின் மாதிரியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். செயற்குழுக் கூட்டத்துக்கு முன் படித்து, சேர்க்க வேண்டியது இருந்தால் பென்சிலில் எழுதுங்கள். சைவ வீட்டினரின் கையெழுத்தும் அதில் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது கேள்விகள் கேட்கலாம்.